மூன்றாம் கொட்டில் மாடு

பன்னிரண்டு விடைத்தாள்களில் பதினொன்று ஒரே பேச்சாக இருந்தன. இடது பின்னங்கால் குளம்பில் சீழ், தொட்டால் சூடு, லேசான வீக்கம். பன்னிரண்டாவது தாள் மட்டும், குளம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மாடு கம்பியை விழுங்கியிருக்கிறது என்றது.

பேராசிரியர் நாச்சியப்பன் அதை இன்னொரு தரம் படித்தார். எழுதியிருந்தது ஜெபக்கனி. கால்நடை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு வகுப்பில் அதிகம் பேசாத பெண். தூத்துக்குடிப் பக்கம். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். பாவம், பயத்தில் புத்தி எங்கேயோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஓரத்தில் பூஜ்யம் போட்டார். அது கடைசி செய்முறைத் தேர்வு. அதில் பூஜ்யம் வாங்கினால் இந்த வருஷம் பட்டம் கிடையாது.

மாட்டின் வலி எங்கே என்று ஒருத்தி தப்பாக எழுதுவதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம்தான். அந்தக் கல்லூரியில் ஏழு வருஷமாக யாரும் அந்தத் தப்பைச் செய்ததில்லை. செய்ய வழியே இல்லை. மாட்டின் கழுத்தில் ஒரு பட்டை, மாணவரின் மணிக்கட்டில் ஒரு பட்டை. மாட்டுக்கு எங்கே வலிக்கிறதோ அங்கேயே மாணவருக்கும் வலிக்கும், பத்தில் ஒரு பங்கு. குளம்பில் சீழ் என்றால் உள்ளங்கால் எரியும். மடிநோய் என்றால் மார்பு கனக்கும், அதில் ஆண் பெண் பேதமெல்லாம் கிடையாது. முதலாண்டுப் பையன்கள் முதல்முறை, மாடு கன்று போடும் ஈற்றுக் கொட்டிலுக்குப் போய்விட்டு வந்து, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போடுவார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு உடன்வலி என்று பெயர் வைத்தவரும், அதைப் பாடத்திட்டத்தில் ஏற்றியவரும் நாச்சியப்பன்தான். சின்ன வயதில் அவர் ஒரு கிராமத்து மருந்தகத்தில் இருந்தார். காளைக்கன்றுகளுக்குக் காயடிக்கும் முகாம் நடக்கும், ஒரு நாளைக்கு நாற்பது கன்று. இடுக்கியை அமுக்கிக்கொண்டே கம்பவுண்டரிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார். ஒரு நாள் கன்று கத்திய கத்தலில் ஸ்கோர் காதில் விழவில்லை. அதற்காகக் கன்றின் முதுகில் ஓர் அடி வைத்தார். சாயங்காலம் கை கழுவும்போதுதான் அது உறைத்தது; அவமானமாக இருந்தது; அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து வருஷப் படிப்பு அவருக்கு அத்தனை எலும்பின் பெயரையும் சொல்லிக்கொடுத்திருந்தது, இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பல வருஷம் கழித்து, யாரோ வேறு எதற்கோ கண்டுபிடித்த இந்தப் பட்டை கண்ணில் பட்டபோது மனிதர் அதை விடவேயில்லை.

பட்டை வலியைக் கொடுப்பதோடு நிற்காது. வலி வரும்போது மாணவரின் நாடி எவ்வளவு துடிக்கிறது என்று கோடும் போட்டு வைக்கும். மாடு துடிக்கும்போது நாடி அசையாதவர் இனி எந்த விலங்கையும் தொடக் கூடாது, வேறு படிப்புக்குப் போகலாம் என்பது விதி. அந்த விதியை எழுதியவரும் அவர்தான். ஏழு வருஷத்தில் பத்தொன்பது பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியில் ஊசி போடுவதே ஒரு பூஜை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள், அங்கே படிக்கிற பிள்ளைகள் மாட்டுக்காக அழுவார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நாலு மணி இருக்கும். கதவு தட்டப்பட்டது.

"சார், உள்ள வரலாமா?"

ஜெபக்கனிதான் நின்றாள்.

"மார்க் கேக்க வந்தியா? அதெல்லாம் இப்பச் சொல்லக் கூடாதும்மா."

"இல்ல சார். மூணாம் கொட்டில் மாட்ட அஞ்சு மணிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. குளம்புக்குக் கட்டுப் போட்டு அனுப்பச் சொல்லிச் சீட்டு எழுதியிருக்கு. அத அனுப்பாதீங்க சார். கம்பி நெஞ்சுக்குள்ள ஏறிரும்."

நாச்சியப்பன் பேனாவை மூடினார். "உன் கூட எழுதின பதினோரு பேரும் குளம்புன்னு எழுதியிருக்காங்க. காலைல நானே பட்டையைக் கட்டிக்கிட்டுப் பாத்துதான் சரியான விடைன்னு குறிச்சு வச்சேன். எனக்கே கால் எரிஞ்சுது. உனக்கு எரியலையா?"

"ஒரு தடவ பட்டையக் கழட்டி வச்சிட்டு வந்து பாருங்க சார். ஒரே ஒரு தடவ" என்றாள்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் கெஞ்சவுமில்லை, கண்ணைக் கசக்கவுமில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். சரி, இவளைச் சமாதானப்படுத்திவிட்டு வருவோம் என்று பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாம் கொட்டிலில் மாட்டுக்காரம்மா பாவாத்தாள் கயிற்றை அவிழ்க்கத் தயாராக நின்றாள். நாச்சியப்பன் குனிந்து இடது பின்னங்காலைத் தூக்கி, குளம்பை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தார். தொட்டி விளிம்பைத் தொட்டதுபோல் குளிர்ந்திருந்தது. வலது குளம்பையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். வீக்கம் என்று சொல்வதற்குக் கடுகளவும் இல்லை. காலையில் இதே குளம்பைத் தொட்டுவிட்டுத்தான் சூடு என்று தன் கைப்பட எழுதியிருந்தார்.

"எத்தனை நாளாம்மா இப்படி நிக்குது?"

"எட்டு நாளாச்சுங்க. மேட்டுல ஏறுதுங்க, பள்ளத்துல எறங்கவே மாட்டீங்குது. தீனியும் எடுக்கறதில்லைங்க. காத்தால இருந்து வந்த புள்ளைங்க அத்தனை பேரும் நேராப் போயிக் காலைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. பாவம், அதுல ரெண்டு புள்ளைங்க அழுதுச்சுங்க. இந்த அம்மிணி ஒண்ணுதான் எங்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"சோளத்தட்டு வெட்டற எடத்துல புதுசா வேலி போட்டீங்களான்னு கேட்டுச்சுங்க. போன மாசந்தான் போட்டோம். முள்ளுக்கம்பி. துண்டு துண்டா அங்கதான் கெடந்துச்சுங்க."

நாச்சியப்பன் மாட்டின் முன்னால் போய் நின்று பார்த்தார். முன்னங்கால் முட்டிகளை உடம்போடு ஒட்டவிடாமல் அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. முதுகுத் தோலைப் பிடித்துக் கிள்ளினார். நன்றாக இருக்கிற மாடு முதுகைக் குழித்து நழுவப் பார்க்கும். இது குழிக்கவில்லை. அடித்தொண்டையில் முனகியது. இரண்டாம் ஆண்டுப் பாடம் இது. அவரே நடத்துகிற பாடம்.

பக்கத்தில் நான்காம் கொட்டிலில், மறுநாள் வேறு பிரிவுக்கான தேர்வு மாடு மூன்று காலில் நின்றது. இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை.

அப்புறம் எல்லாம் விளங்கிவிட்டது. தேர்வு நாள் காலையில் மாடுகளைக் குளிப்பாட்டுவது அங்கே வழக்கம். தேர்வாளர் முன்னால் மாடு சாணியும் சகதியுமாக நிற்கக் கூடாது. அட்டெண்டர் தங்கராசு இரண்டு மாட்டின் கழுத்துப்பட்டைகளையும் கழற்றி ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறார். குளிப்பாட்டி முடித்து, மாற்றிக் கட்டிவிட்டார். மூன்றாம் கொட்டில் பட்டை நாலாம் கொட்டில் மாட்டின் கழுத்தில் இருந்து அதன் கால்வலியை அனுப்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் நின்றது இந்த மாட்டின் பக்கத்தில், அவர்களுக்கு வலித்தது அந்த மாட்டின் வலி.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க சார்" என்றார் தங்கராசு. "நம்பரு கிம்பரு ஒண்ணுமில்லீங்களே."

எக்ஸ்ரேயில் கம்பி தெரிந்தது. விரல் நீளம். இரண்டாம் இரைப்பையின் சுவரைக் குத்திக்கொண்டு, இதயத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. ஆறு மணிக்குள் விலாவைத் திறந்து எடுத்துவிட்டார்கள். பாவாத்தாள் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது நம்ம வேலிக் கம்பியேதான் என்று அடையாளம் சொன்னாள்.

அறுவைக்கூடத்துக்கு வெளியே பெஞ்சில் ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள். நாச்சியப்பன் எதிரில் வந்து நின்றதும் எழுந்தாள்.

"மாடு பொழைச்சுக்கும்" என்றார்.

"சரி சார்."

"இப்பச் சொல்லு. பதினோரு பேருக்கு எரிஞ்ச கால் உனக்கு மட்டும் ஏன் எரியல?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் நாலு மணிக்கு அவர் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"எனக்கு வலி தெரியாது சார். பொறந்ததுல இருந்தே. நரம்புல ஏதோ கோளாறுன்னு சொன்னாங்க. நாலு வயசுல கொதிக்கிற இட்லிக் கொப்பரைல கை வச்சிட்டுச் சிரிச்சிட்டு நின்னேனாம். ஒரு தடவ கணுக்கால் முறிஞ்சு ரெண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போயிருக்கேன்."

"பட்டையைக் கட்டினா?"

"ஒரு வாரு கட்டுன மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"அப்ப இந்த அஞ்சு வருஷமும்?"

"மத்தவங்க எப்ப மொகம் சுளிக்காங்கன்னு பாத்து நானும் சுளிப்பேன் சார். தனியாப் பாக்கும்போது மாட்டத்தான் பாப்பேன். எங்கம்மா தெனமும் என்னை உச்சந்தலை தொட்டு உள்ளங்கால் வரைக்கும் பாப்பாங்க. வெரலிடுக்கு, நாக்குக்கு அடியில, எல்லாம். கண்ணால பாத்தாத்தானே எனக்கு அடி பட்டதே தெரியும். அதுக்கப்புறம் நானே பாத்துக்கிடப் படிச்சிட்டேன். மாட்டையும் அப்படித்தான் பாக்கேன். எனக்கு வேற மாதிரி பாக்கத் தெரியாது."

நாச்சியப்பனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வலியே தெரியாத ஒருத்தி, வலியைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே கட்டிய கல்லூரியில், அவர் கண்ணெதிரே ஐந்து வருஷம் இருந்திருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் உணர்ந்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"ஏமாத்தியிருக்கே."

"ஆமா சார்."

"நீ இன்னிக்கு வாயைத் தொறக்காம இருந்திருந்தா இந்த ஒரு பேப்பர் போயிருக்கும். ஆறு மாசத்துல திரும்ப எழுதி பாஸ் பண்ணியிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"மாடு ஆறு மாசம் இருக்காது சார்."

அவர் விதியைச் சொன்னார். பட்டை மாறிய விஷயத்தை மறைக்க முடியாது, அறிக்கையோடு பன்னிரண்டு தாளும் போக வேண்டும், ஒருத்தி மட்டும் எப்படிச் சரியாக எழுதினாள் என்று கேட்பார்கள், கேட்டால் தான் பொய் சொல்ல மாட்டேன் என்றார்.

அப்போதுதான் அவள் கெஞ்சினாள். "ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு மருந்தகத்துல எனக்கு வேலை சொல்லி வச்சிருக்காங்க சார். எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. எனக்கு இத விட்டா வேற ஒண்ணும் தெரியாது. பாஸ் போட வேண்டாம். என்னை வெளிய அனுப்பிராதீங்க."

"விதின்னா எல்லாருக்கும் விதிதான்" என்று சொல்லிவிட்டு நாச்சியப்பன் நடந்தார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் நடை தளரவில்லை.

மறுநாள் காலை ஒன்பதுக்கெல்லாம் அறிக்கை எழுத உட்கார்ந்தார். ஒரு மாணவியை விலக்கச் சொல்வதென்றால் ஆதாரம் வேண்டும். நேற்றைய நாடிப் பதிவில் அவள் கோடு செத்துக் கிடக்கும், அதை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. பதிவைத் திரையில் போட்டார்.

கோடு செத்துக் கிடக்கவில்லை. அவள் மாட்டோடு நின்ற பத்து நிமிஷமும் துடித்திருந்தது. மற்ற பதினொன்றையும்விட அதிகமாகத் துடித்திருந்தது.

முகத்தைச் சுளித்து நடிக்கலாம், நாடியை நடிக்க வைக்க முடியாது. முந்தைய வருஷங்களின் பதிவை எடுத்தார். ஐந்து வருஷமும் அப்படித்தான். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பட்டை அவளுக்கு ஒன்றுமே கொடுக்காதபோது, இந்த நாடி எதைக் கண்டு துடித்தது?

மூன்றாம் பட்டை அனுப்பிய வலியின் கோட்டை அடியில் வைத்துப் பார்த்தார். அது நாலாம் கொட்டில் மாட்டின் கால்வலி. அந்த மாடு காலை ஊன்ற முயன்ற ஒவ்வொரு முறையும் பதினொரு பேரின் நாடியும் எகிறியிருந்தது. ஜெபக்கனியுடையது அதோடு பொருந்தவேயில்லை. அது எகிறியது வேறு வேறு சமயங்களில்.

நாச்சியப்பன் சற்று யோசித்துவிட்டு, நாலாம் பட்டையின் பதிவைக் கூப்பிட்டார். மாற்றிக் கட்டியதால் அது நேற்றுக் காலை முழுக்க மூன்றாம் கொட்டில் மாட்டின் கழுத்தில்தான் இருந்தது. யாருக்கும் போய்ச் சேராத அந்த வலி, பதிவில் மட்டும் ஏறியிருந்தது. அதை அவள் கோட்டுக்கு அடியில் வைத்தார்.

மாடு முனகிய இடத்திலெல்லாம் அவள் நாடி எகிறியிருந்தது. ஓர் இடம்கூடத் தப்பவில்லை.

அவர் திரையை அணைக்கவில்லை. பட்டியலில் பன்னிரண்டோடு பதிமூன்றாவதாக இன்னொரு பெயர் இருந்தது, அதையும் தட்டினார். அலுவலகப் பையன் கொண்டுவந்து வைத்த காபி அப்படியே ஆறிப் போயிற்று.

டீன் அம்சவேணி அறிக்கையை நின்றுகொண்டே படித்தார். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பட்டை மாறினது சரி, மறுதேர்வு வச்சுடலாம். ஆனா இந்தப் பொண்ணை எப்படி வச்சுக்கச் சொல்றீங்க? வலின்னா என்னன்னே தெரியாதவ மாட்டைத் தொடலாமா? நீங்க எழுதின விதி, புரொபசர்."

"விதில வலி தெரியணும்னு இல்லை மேடம். மாடு துடிக்கும்போது நாடி துடிக்கணும்னுதான் இருக்கு. எழுதும்போது ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன். இந்தப் பொண்ணுக்குத் துடிச்சிருக்கு. எதிர்ல நின்ன மாட்டுக்காகத் துடிச்சிருக்கு. மத்தவங்களுக்குத் துடிச்சது சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்ன மாட்டுக்கு."

"அப்ப அந்தப் பதினோரு பேரும் சூடு, வீக்கம்னு எழுதினது பொய்யா?"

"பொய் இல்லை. அவங்க பாத்தாங்க. கால் எரியும்போது குளம்பு வீங்கித்தான் தெரியும். நானும் பாத்தேன். வலி எங்கேன்னு பட்டை சொல்லிட்டா, மாட்டுக்காரம்மாகிட்ட பேச வேண்டாம், மாட்டோட மொகத்தைப் பாக்க வேண்டாம்னு நாமதான் சொல்லிக்குடுத்திருக்கோம். பட்டை சரியா இருக்கற வரைக்கும் அது தெரியல."

"ஏழு வருஷப் பிள்ளைங்க இப்படியே படிச்சு முடிச்சு வெளியே போயாச்சு" என்றார் அம்சவேணி, தனக்குத்தானே சொல்வதுபோல.

"ஆமா. அதையும் எழுதியிருக்கேன். கடைசிப் பக்கம்."

அவர் கடைசிப் பக்கத்தைப் படித்தார். திரும்பக் கோடுகளுக்கு வந்தார். ஜெபக்கனியின் கோட்டையும் மாட்டின் கோட்டையும் விரலால் தடவி ஒப்பிட்டார். தலை மெல்ல ஆடியது.

"சரி. இதைக் கூட்டத்துல வைக்கிறேன். இந்த ஒரு தாள் போதும், அந்தப் பொண்ணு மேல யாரும் கை வைக்க முடியாது." தாளை மடிக்கப் போனவர் நிறுத்தினார். "கீழ பதிமூணாவதா ஒண்ணு இருக்கே. ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி, ஒரு துடிப்புகூட இல்லை. அந்தப் பட்டை வேலை செய்யலையா?"

"வேலை செஞ்சுது மேடம். நல்லாவே கால் எரிஞ்சுது. எரியுதுன்னு குறிச்சும் வச்சேன்." நாச்சியப்பன் அவரை நேராகப் பார்த்தார். "அது என்னோடது."

அம்சவேணி கண்ணாடியைக் கழற்றினார். "தேர்வாளர் பதிவை யாரும் கேக்கப் போறதில்லையே. பன்னிரண்டை மட்டும் வச்சாலே போதும்."

"வேண்டாம் மேடம். அப்படியே போகட்டும். பழைய வருஷத்துப் பதிவும் எடுத்துப் பாத்தேன். முதல் வருஷம் துடிச்சிருக்கு. ரெண்டாவது வருஷம் கொஞ்சம். அப்புறம் இல்லை."

மதியம் பாவாத்தாளின் மாட்டுக்குத் தையலைப் பார்த்து மருந்து வைக்க வேண்டியிருந்தது. நாச்சியப்பன் ஜெபக்கனியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் மருந்துத் தட்டோடு கொட்டிலுக்குள் போய், முதலில் மாட்டின் முன்னால் நின்று அதன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் வந்து ஒருவாட்டி தொட்டுப் பாருங்க சார்" என்றாள் பாவாத்தாள்.

"அந்தப் பொண்ணு பாக்குதுங்க" என்றார் நாச்சியப்பன், தடுப்புக் கட்டைக்கு வெளியிலேயே நின்றுகொண்டு. "நான் தொடக் கூடாதுங்க."